டிட்டிகாகா: ஏரிக்கரையும் எல்லைக்கோடும்

பெருவின் தெற்கே ஆண்டிஸ் மலைத்தொடர் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த வரிசைகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் மேட்டுச் சமவெளிக்கு ஆல்டிபிளானோ என்று பெயர். அதன் வடபகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,810 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டிட்டிகாகா ஏரி. நீளம் 190 கிலோமீட்டர். அகலம் அதிகபட்சம் 80 கிலோமீட்டர். பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடம் ஏறத்தாழ 280 மீட்டர். மேற்குக் கரையும் வடகரையும் பெருவுக்கு, கிழக்கும் தென்கிழக்கும் பொலிவியாவுக்கு. இங்கே எல்லைக்கோட்டின் பெரும்பகுதி தண்ணீர் மேலேயே போகிறது. அது கரையேறும் சில இடங்களில்தான் பயணிக்கு வேலை வைக்கிறது.

கரையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஐமாரா மக்கள். பெருவின் வடமேற்குக் கரையிலும் சில தீவுகளிலும் கெச்சுவா பேசுகிறார்கள். பெரு 1821லும் பொலிவியா 1825லும் விடுதலையைப் பிரகடனம் செய்தன. அதற்கு வெகுகாலம் முன்பே திவனாக்கு அரசும், பின்னர் கோயா, லுப்பாக்கா குடிகளும், கடைசியாக இன்காக்களும் இந்த ஏரியை ஒரே நிலமாக ஆண்டோ பங்கிட்டோ வந்திருக்கிறார்கள். இன்றும் திருமண உறவும் வாரச்சந்தையும் எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. முதுகுப்பையோடு வரும் வெளிநாட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த ஊரில் முத்திரை குத்துகிறார்கள், எந்தத் துறையில் படகு கிடைக்கும், எந்தச் சாலையில் மறியல் என்பவையே அவரது வழியை முடிவு செய்கின்றன.

பெரும்பாலானோர் செல்லும் வழி: பூனோ, அங்கிருந்து தீவுகள், பிறகு தென்கரைச் சாலை, யுங்குயோவில் எல்லை, கோப்பகபானா, சூரியத் தீவு, திக்கினா நீரிணை, லா பாஸ். அவசரப்பட்டால் நான்கு நாளில் முடித்துவிடலாம். ஆனால் ஏழு முதல் பத்து நாள் ஒதுக்காதவர்களுக்கு ஏரி பஸ் ஜன்னலோடு போய்விடும்.

முதலில் உயரத்தைச் சமாளிக்க வேண்டும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, இரண்டு படி ஏறினாலே இரைப்பு ஆகியவை இங்கே ‘சொரோச்சே’ எனப்படும் மலைநோயின் அறிகுறிகள். லிமாவிலிருந்து விமானம் ஏறி ஹுலியாக்காவில் இறங்குபவர்களுக்கு இது கடுமையாகத் தாக்கும். குஸ்கோவிலோ அரெகிபாவிலோ சில நாள் தங்கிவிட்டு பஸ்ஸில் வருபவர்கள் ஓரளவு தப்புவார்கள். முதல் நாள் சும்மா இருப்பது, தண்ணீர் நிறையக் குடிப்பது, மதுவைத் தவிர்ப்பது, மருத்துவரிடம் கேட்டு அசெட்டசோலமைடு வைத்துக்கொள்வது ஆகியவையே பலன் தருபவை. மூச்சுத்திணறல் படுத்த நிலையிலும் நீடித்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

விடுதிகளில் வரவேற்பறையிலேயே கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். இலையை மெல்வதும் இரு நாடுகளிலும் சட்டப்படி சரி. மிச்ச இலையைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவது மட்டும் ஆபத்து. இந்தியா உட்படப் பல நாடுகளில் அது போதைப்பொருள் குற்றம்.

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட பருவம். பகலில் வெயில் தோலை உரிக்கும், இரவில் நீர் உறையும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. குளிருக்குப் பயந்து கம்பளி வாங்குபவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். மெல்லிய காற்றில் புறஊதாக் கதிர் கடுமையாக இறங்கும் என்பதால் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் கம்பளிக்குச் சமமாக வேண்டியவை.

பூனோ 1668இல் உருவான நகரம். அருகிலிருந்த வெள்ளிச் சுரங்கங்களே அதற்குக் காரணம். நகரத்தின் அழகைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. செங்கல் வீடுகள் பூச்சில்லாமலேயே மலைச்சரிவில் ஏறிப் போகின்றன. பிப்ரவரி தொடக்கத்தில் மட்டும் ஊர் வேறு முகம் காட்டும். கந்தேலாரியா மாதாவின் திருவிழாவுக்குப் பல்லாயிரம் நடனக்காரர்களும் பித்தளை வாத்தியக்காரர்களும் தெருவை நிறைப்பார்கள். யுனெஸ்கோ 2014இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த வாரத்தில் முன்பதிவில்லாமல் வந்தால் அறை கிடைக்காது.

பூனோவோடு பெயர் சேர்ந்த இரும்புக் கப்பல் ஒன்று உண்டு: யாவாரி. பெரு அரசு இங்கிலாந்தில் செய்யச் சொல்லி, 1862இல் துண்டு துண்டாகக் கடல் வழியே வந்து சேர்ந்தது. கடற்கரையிலிருந்து மலைமேல் ஏற்ற ரயில் பாதை முழுமையாக இல்லை. எனவே ஒரு கோவேறு கழுதை சுமக்கும் எடைக்குத் தக்கபடி பாகங்களைப் பிரித்தே அனுப்பியிருந்தார்கள். மலைப்பாதையில் அவை ஏறிவர ஆண்டுக்கணக்கானது. கப்பல் நீரில் இறங்கியது 1870இல். நிலக்கரி கிடைக்காத சமவெளியில் அதன் கொதிகலனுக்கு எரிபொருளானது உலர்ந்த லாமாச் சாணம். பின்னாளில் ரயில் பூனோவைத் தொட்டதும் ஏரிக் கப்பல்கள் இரு நாட்டு ரயில்களை இணைக்கும் பாலமாயின. பூனோவில் சரக்கை ஏற்றி, பொலிவியாவின் குவாக்கி துறையில் இறக்கி, அங்கிருந்து லா பாஸுக்கு ரயிலில் அனுப்புவார்கள். அந்த இணைப்பு இப்போது பயணிகளுக்கு இல்லை. எல்லையைக் கடக்க மிக வசதியான வழி அதுவாக இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது.

பூனோவுக்கு எதிரே ஊரோஸ் மிதக்கும் தீவுகள். ஏரியோரத்தில் செழித்து வளரும் தொத்தோரா என்னும் கோரையின் வேர்க்கட்டை மழைக்காலத்தில் தானாகப் பெயர்ந்து மிதக்கும். அதைப் பெரிய பெரிய துண்டங்களாக அறுத்து, முளைக்குச்சி அடித்துக் கயிற்றால் பிணைத்து, மேலே கோரைத்தாளைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பினால் தீவு தயார். அடியில் அழுக அழுக மேலே புதுக்கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நங்கூரக் கயிறு அறுந்தால் தீவு நகர்ந்துவிடும். கோரையின் வெள்ளை அடித்தண்டைத் தின்னலாம். வீடும் அதுதான், படகும் அதுதான். பயணிகளுக்காக நடத்தப்படும் விளக்கமும் பாட்டும் கடைவிரிப்பும் நாடகத்தன்மை கொண்டவை என்று பலர் குறைப்படுவார்கள். குறை நியாயமானதே. ஆனாலும் சூரிய மின்தகட்டை வீட்டோரம் சாய்த்துவைத்து, மீனோடு சுற்றுலாவையும் தொழிலாக்கிக்கொண்டவர்களிடம் பழமையை மட்டும் எதிர்பார்ப்பது வருகிறவரின் பிழை. ஊரோஸ் மக்களின் சொந்த மொழி வழக்கொழிந்து, அவர்களும் ஐமாராவுக்கு மாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

அமந்தானி, தக்கிலே என்ற தீவுகள் இன்னும் உள்ளே. மெதுவான படகில் அமந்தானிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். இரண்டிலும் கெச்சுவா பேசுகிறார்கள். அமந்தானியில் ஹோட்டல் தேடிப் பயனில்லை. குடும்பங்கள் முறைவைத்து விருந்தினரை ஏற்றுக்கொள்கின்றன. துறையில் காத்திருக்கும் வீட்டுக்காரம்மாவின் பின்னால் மேடேறிப் போவதுதான் ‘செக்-இன்’. கினோவா சூப், அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி, முனியா என்னும் மலைப் புதினா போட்ட வெந்நீர் என்று எளிய சாப்பாடு. அரிசியோ சர்க்கரையோ பழமோ கொண்டுபோய்க் கொடுத்தால் மகிழ்வார்கள். தீவின் இரு குன்றுகள் மேலும் தாய்நிலத்துக்கும் தந்தைநிலத்துக்குமான பழைய கோயில்கள் உண்டு. ஆண்டுவிழா ஜனவரியில். மற்ற நாளில் கதவு சாத்தியிருக்கும்.

தக்கிலேயில் பின்னல்வேலை ஆண்களுடையது. நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, ஐந்து ஊசிகளில் குல்லாய் பின்னுவார்கள். பையன்களும் சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். முழுதும் சிவந்த குல்லாய் மணமானவருக்கு, மேற்பாதி வெள்ளையாக இருப்பது மணமாகாதவருக்கு. இடுப்புக் கச்சை நெசவு பெண்களுடையது, அதில் விதைப்பு, அறுவடை, திருவிழா மாதங்கள் சித்திரக் குறிகளாக ஏறும். தக்கிலே நெசவுக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுல மரபாக அறிவித்தது. விற்பனை தனியார் பேரத்துக்கு விடப்படவில்லை. சதுக்கத்துக் கூட்டுறவுக் கடையில் ஒவ்வொரு துண்டிலும் பெயரும் விலையும் கட்டியிருக்கும்.

பூனோவிலிருந்து வடமேற்கே, உமாயோ என்ற சிறு ஏரியின் கரையில் இருக்கிறது சில்லுஸ்தானி. கோயா தலைவர்களைப் புதைத்த உருளைக் கற்கோபுரங்கள் அங்கே நிற்கின்றன. உயர்ந்தது சுமார் 12 மீட்டர். அடியைவிட மேற்பகுதி அகலமாகக் கட்டப்பட்டவை அவை. அரை நாள் போதும்.

தென்கரைச் சாலை சுகுய்த்தோ, இலாவே, ஹூலி, பொமாத்தா வழியாக எல்லைக்குப் போகிறது. பஸ்ஸில் நேராகப் போனால் பூனோவிலிருந்து கோப்பகபானாவுக்கு எல்லைச் சடங்குகள் உட்பட மூன்று, நான்கு மணி நேரம். ஷேர் வேனில் ஊர் ஊராக இறங்கிப் போனால் ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாள் வீணாகாது. ஹூலியில் மட்டும் காலனிக் காலத்துப் பெரிய தேவாலயங்கள் நான்கு. 1570களில் இயேசு சபையினர் இங்கே தளம் அமைத்து, உள்ளூர் மொழியைப் படித்தே சமயம் பரப்புவது என்று தொடங்கினார்கள். 1612இல் வெளிவந்த ஐமாரா அகராதி, ஹூலியில் பணிசெய்த இத்தாலியப் பாதிரி லுடோவிகோ பெர்டோனியோவின் உழைப்பு. அதே சபையின் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் கொல்லத்தில் தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டது 1578இல். மறைப்பணியின் ஒரே உத்தி, உலகின் இரு கோடிகளில். பொமாத்தாவின் செம்மணற்கல் தேவாலயத்தில் வெப்பமண்டலப் பூவும் இலையும் செதுக்கிய சிற்ப வேலையைப் பார்க்கப் பத்து நிமிடமாவது வேன் நிற்கச் சொல்லலாம்.

இந்தச் சாலையின் வயல்களில் ஜூன், ஜூலையில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். சிறு உருளைக்கிழங்குகளைப் புல்தரையில் பரப்பி இரவுப் பனியில் விட்டிருப்பார்கள். விடியும்போது அவை கல்லாக உறைந்திருக்கும். வெயிலில் இளகியதும் குடும்பமே வெறுங்காலால் மிதிக்கும். தோல் உரியும், நீர் கசிந்து வெளியேறும். இப்படிச் சில நாள் செய்து காயவைத்தால் கிடைப்பது கறுத்துச் சுருங்கிய, எடையே இல்லாத ‘சூன்யோ’. ஓடும் நீரில் ஊறவைத்து எடுத்தால் வெள்ளை வகை, ‘துந்தா’. ஆண்டுக்கணக்கில் கெடாது. உருளைக்கிழங்கைப் பயிராக்கிய நிலங்களில் இந்த ஏரிப் படுகையும் ஒன்று என்பதால் சந்தையில் அதன் வகைகளுக்குக் கணக்கில்லை. சூப்பில் போட்ட சூன்யோவின் மண்வாசம் முதல் முறையே எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லை. யுங்குயோ ஊரைத் தாண்டியதும் பெருவின் குடிவரவு அலுவலகம். அங்கே வெளியேறும் முத்திரை பெற்று, சில நூறு மீட்டர் மேட்டில் நடந்து, ஒரு கல் வளைவைக் கடந்தால் கசானி, பொலிவியாவின் அலுவலகம். பஸ் காலியாகத் தனியே ஊர்ந்து வந்து மறுபுறம் காத்திருக்கும். வேனில் வந்தவர்கள் அந்தப் பக்கம் வேறு வேன் பிடிக்க வேண்டும். கோப்பகபானா அங்கிருந்து 8 கிலோமீட்டர். கவனிக்க வேண்டியவை சில. பெருவின் வெளியேறும் முத்திரை இல்லாவிட்டால் பொலிவியாவில் சிக்கல். அவசரத்தில் முதல் அலுவலகத்தைத் தாண்டி நடந்துவிடுபவர்கள் திரும்பி வரவேண்டியிருக்கும். பொலிவியாவின் கடிகாரம் பெருவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பெருவில் மாலை ஐந்து என்றால் கசானியில் ஆறு. இரவில் அலுவலகம் மூடிவிடும் என்பதால் இந்த ஒரு மணி நேரம் கணக்கில் வரும். மிச்சமுள்ள சோல் நோட்டுகளை எல்லையிலோ கோப்பகபானாவிலோ பொலிவியானோவாக மாற்றலாம். நாணயத்தை யாரும் வாங்கமாட்டார்கள். 2023 முதல் பொலிவியாவில் டாலர் தட்டுப்பாடு ஏற்பட்டு, வங்கி விலைக்கும் தெரு விலைக்கும் இடைவெளி விழுந்தது. எனவே கையில் சிறிது டாலர் வைத்திருப்பவர்களுக்கு அட்டைக்காரர்களைவிட வசதி கூடியது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இரு நாடுகளின் விசா விதிகளும் வேறு வேறு, அவ்வப்போது மாறுபவை. இரண்டையும் புறப்படும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. மலைமேட்டுச் சாவடி விதிகளை விவாதிக்க ஏற்ற இடமல்ல.

மறியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்லையும் டயரையும் சாலையில் போட்டு மறிப்பது இரு நாடுகளிலும் வழக்கமான போராட்ட முறை. 2011இல் சுரங்கத் திட்டத்துக்கு எதிராக ஐமாரா மக்கள் தெற்கேயுள்ள தேசாகுவாதேரோ எல்லையை மறித்தார்கள். 2022 டிசம்பரில் பெரு அதிபர் பெத்ரோ காஸ்தில்யோ பதவி இழந்ததைத் தொடர்ந்த போராட்டங்களில், ஹுலியாக்காவில் 2023 ஜனவரி 9ஆம் தேதி ஒரே நாளில் பலர் சுடப்பட்டு இறந்தார்கள். பூனோ மாநிலமே வாரக்கணக்கில் முடங்கியது. இத்தகைய நாட்களில் தாராளமாக இரண்டு, மூன்று நாள் கைவசம் வைத்திருப்பவர்களே நிம்மதியாக இருக்க முடியும்.

கோப்பகபானா ஒரு யாத்திரைத் தலம். இன்கா வம்சத்தில் வந்த பிரான்சிஸ்கோ தித்தோ யுபாங்கி செதுக்கிய மாதா சிலை 1583இல் இங்கே வந்தது. இன்று பொலிவியாவின் பாதுகாவலி அவள். ரியோ டி ஜெனிரோவின் புகழ்பெற்ற கடற்கரை பெயர் பெற்றதும் இந்த மாதாவுக்கு அங்கே கட்டிய சிற்றாலயத்தால்தான். பெருங்கோயிலின் வாசலில் நடக்கும் வண்டிப் பூசை பார்க்க வேண்டியது. புதுக் காரும் லாரியும் பூமாலை, காகிதத் தோரணத்தோடு வரிசையில் நிற்கும். பாதிரியார் தீர்த்தம் தெளித்து நகர்ந்ததும் குடும்பத்தார் பானெட்டைத் திறந்து என்ஜின் மேலும் சக்கரத்தின் மேலும் பீர் ஊற்றி, தாய்நிலத்துக்கு அவளது பங்கைக் கொடுப்பார்கள். பெருவிலிருந்து எல்லை தாண்டி வரும் வண்டிகளும் அந்த வரிசையில் உண்டு. கரையோரக் கடைகளில் ட்ரௌட் மீன் வறுவல் பிரசித்தம். அது இந்த ஏரியின் மீனல்ல. 1940களை ஒட்டி வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டது. சொந்த மீன்களான ஓரெஸ்தியாஸ் இனங்களை அது வெகுவாக ஒடுக்கிவிட்டது. கறாச்சி, இஸ்பி என்ற சிறு மீன்களைச் சந்தையில் கேட்டு வாங்கித் தின்பதே உள்ளூர் ருசி.

சூரியத் தீவுக்குப் படகில் ஒன்றரை மணி நேரம். இன்கா மரபில் சூரியன் பிறந்ததும், முதல் இன்காவான மான்கோ காப்பாக் தோன்றியதும் இங்கேதான். தீவில் வண்டிகள் இல்லை; சுமை கழுதை மேல். தெற்கே யுமானி துறையில் இறங்கியதும் நீரூற்றை ஒட்டி இருநூறு படிகள் செங்குத்தாக ஏறும். இந்த உயரத்தில் முதுகுப்பையோடு அவற்றை ஏறுவது நெஞ்சுக்குச் சோதனை. தேவையில்லாததைக் கோப்பகபானா விடுதியிலேயே விட்டு வருவது உத்தமம். முகட்டுப் பாதையில் வடமுனை வரை நடக்க மூன்று, நான்கு மணி நேரம். கிழக்கே கொர்தில்யேரா ரியால் பனிச்சிகரங்கள், அவற்றில் 6,300 மீட்டரைத் தாண்டிய இல்யாம்பு, வழி நெடுகக் கூடவே வரும். வடமுனையில் புனிதப் பாறையும் சின்கானா இடிபாடுகளும். 2017இல் சுற்றுலா வருமானத்தையும் புனித இடத்தருகே எழுந்த கட்டடத்தையும் முன்னிட்டு இரு சமூகங்களுக்குள் சண்டை மூண்டு, வடபகுதி பயணிகளுக்கு ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. இப்போது போகிறவர்களும் நிலவரத்தைக் கோப்பகபானாவிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு சமூகமும் தன் எல்லையில் தனிக் கட்டணம் வாங்கும். அருகேயுள்ள கோவா பாறைத்திட்டின் அடியில் மூழ்காளர்கள் எடுத்த திவனாக்கு காலத்துப் பொன் தகடுகளும், சிப்பிகளும், பலியிட்ட லாமாக்களின் எலும்பும் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. சூரியனுக்கு இன்காக்கள் கோயில் எடுப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இது புனித நீர்.

கோப்பகபானா இருக்கும் மூக்குநிலம் நிலவழியில் பெருவோடுதான் ஒட்டியிருக்கிறது. சொந்த நாட்டின் தலைநகருக்குப் போக அந்த ஊர்க்காரர் நீரைக் கடக்க வேண்டும். கடக்கும் இடம் திக்கினா நீரிணை, சுமார் 800 மீட்டர் அகலம். பயணிகள் இறங்கிச் சீட்டு வாங்கித் தனி விசைப்படகில் ஏறுவார்கள். பஸ், இரண்டு அங்குல இடைவெளி தெரியும் பலகைத் தளத்தோடு கூடிய மிதவையில் ஏறி, அலைக்கு ஆடியபடி பக்கத்திலேயே வரும். பாஸ்போர்ட்டும் பணமும் கையோடு இருக்க வேண்டும் என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடும். பாலம் கட்டும் பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது; பிழைப்புப் போகும் என்று படகோட்டிகள் எதிர்க்கிறார்கள். மேற்குக் கரையில் பொலிவியக் கடற்படையின் தளம். கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்படை எதற்கு என்ற கேள்விக்கு 1879இல் தொடங்கிய பசிபிக் போர்தான் விடை. சிலியிடம் கடற்கரை முழுவதையும் இழந்தும் பொலிவியா உரிமையை விடவில்லை. ஒவ்வொரு மார்ச் 23ஆம் தேதியும் கடல் தினம் கொண்டாடுகிறார்கள். பேச்சுவார்த்தைக்கு வரச் சிலிக்குக் கட்டாயமில்லை என்று 2018இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீரிணைக்குத் தெற்கே இருப்பது ஏரியின் சிறு, ஆழமற்ற பகுதி. அதிலுள்ள சுரிக்கி தீவின் கோரைப்படகு கட்டுவோரைத்தான் நார்வே நாட்டுக் கடலோடி தோர் ஹெயர்தால் தன் ‘ரா 2’ படகைக் கட்ட மொராக்கோவுக்கு அழைத்துப் போனார். அவர்கள் கட்டிய படகு 1970இல் அட்லாண்டிக்கைக் கடந்து பார்படோஸை அடைந்தது. திக்கினாவிலிருந்து லா பாஸ் இரண்டு மணி நேரப் பயணம். தென்கோடியில் திவனாக்கு இடிபாடுகள்: சூரிய வாயில், அக்கபானா மேடு, கலசசாயா முற்றம். 2000இல் உலக மரபுச் சின்னமானது. லா பாஸிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம்.

அதற்கும் மேற்கே தேசாகுவாதேரோ ஊர். இரு நாட்டுக்கும் லாரிகள் போகும் முதன்மை எல்லை. ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறும் அங்கேதான் புறப்படுகிறது. ஏரிக்கு வரும் நீரில் பத்தில் ஒரு பங்குகூட அதில் போவதில்லை, மீதி ஆவியாகிவிடுகிறது. ஆறு போய்ச் சேரும் பூபோ ஏரி 2015இல் வற்றியே போனது. உள்ளே வரும் ஆறுகளின் நிலையும் மோசம். ஹுலியாக்காவின் கழிவு கோவாத்தா ஆற்றின் வழியே ஏரியில் கலக்கிறது. 2016இல் அந்த ஆற்றில் சுமார் 10,000 டிட்டிகாகா தவளைகள் செத்து மிதந்தன. தொளதொளத்த தோலின் மடிப்புகளால் நீரிலேயே மூச்சு வாங்கும் இந்தத் தவளையை 1968இல் இங்கே நீர்மூழ்கி இறக்கிய கடலாய்வாளர் கூஸ்தோவின் குழு கண்டது. 2023 வறட்சியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கி, படகுத்துறைகள் சேற்றில் நின்றன.

ஏரியை முழுச்சுற்றாக முடிக்க விரும்புபவர்களுக்கு வடகிழக்குக் கரை மிச்சம். லா பாஸிலிருந்து அச்சகாச்சி, எஸ்கோமா வழியாகப் புயேர்த்தோ அகோஸ்தா. எல்லைக்கு அப்பால் தில்யாலி, கோனிமா, மோஹோ, ஹுவான்கானே, ஹுலியாக்கா. பஸ் அரிது, சந்தை நாளில் வேனும் லாரியும் கிடைக்கும். கடத்தல் சரக்கும் இதே வழிதான். பொலிவியாவின் வெளியேறும் முத்திரை புயேர்த்தோ அகோஸ்தாவில் கிடைக்கும். பெரு பக்கம் பூனோ போய்த்தான் பதிவு வாங்குவது வழக்கமாக இருந்தது. முன்கூட்டியே குடிவரவுத் துறையிடம் கேட்டுக்கொள்ளாமல் இவ்வழி இறங்குவது அபராதத்தை அழைப்பதாகும். கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்குக் கூட்டமே இல்லாத கரையும் படிக்கட்டு வயல்களும் கிடைக்கும். ஹுலியாக்கா வந்துவிட்டால் லிமாவுக்கு விமானமும், குஸ்கோவுக்கும் அரெகிபாவுக்கும் பஸ்ஸும் நாள்தோறும் உண்டு.